உழவர் சந்தையும் மதுரையைச் சுற்றியுள்ள சிறு வயல்களும்

1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. அப்போதைய முதலமைச்சர் மு. கருணாநிதி அதனைத் தொடங்கி வைத்தார். விளைவித்தவரே விற்க வேண்டும், உண்பவர் அவரிடமே வாங்க வேண்டும், நடுவில் வேறு ஆள் கூடாது என்பதே அச்சந்தையின் விதி. விதி எளிது, அதைக் காப்பது அவ்வளவு எளிதன்று. கூடையோடு வந்து உட்காருபவர் உண்மையில் உழவர்தானா என்று தெரிய வேண்டுமானால், யாராவது ஒருவர் அவருடைய வயலுக்கு நேரில் போய்ப் பார்த்தாக வேண்டும். ஆகவே இச்சந்தையின் வரலாற்றை மதுரையைச் சுற்றியுள்ள சிறு வயல்களின் வரலாற்றிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

பெயர்களில் தங்கிய விளைச்சல்

மதுரை கோயில் நகரம் என்றும் தூங்கா நகரம் என்றும் சொல்லப்படுகிறது. அதன் பழைய பகுதிகளின் பெயர்களைக் கேட்டால் வேறொரு நகரம் தெரியும். நெல்பேட்டை, வெற்றிலைப்பேட்டை, கீரைத்துறை, வாழைத்தோப்பு, புட்டுத்தோப்பு ஆகியவை இன்று வீடுகளும் கடைகளும் நெருங்கிய இடங்கள். பெரிய பேருந்து நிலையம் இருக்கும் மாட்டுத்தாவணியின் பெயரிலும் ஒரு செய்தி உண்டு. தாவணி என்பது மாடுகளைக் கட்டி வைத்து விலை பேசும் இடம். இன்று அங்கே வந்து இறங்கும் பயணிகளில் பலர் அதை உடையின் பெயராகவே நினைத்துக்கொள்கின்றனர்.

மதுரையின் அங்காடிகள் பழமையானவை. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, பகலில் கூடும் நாளங்காடியையும் மாலைக்குப் பின் கூடும் அல்லங்காடியையும் குறிப்பிடுகிறது. நகருக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கீழடியில் நடந்த அகழாய்வில் மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் எலும்புகள் கிடைத்தன. உழவும் கால்நடையும் சேர்ந்த வாழ்க்கை இந்த வைகைக் கரையில் வேரூன்றியிருந்ததை அவை காட்டுகின்றன.

சித்திரைத் திருவிழாவும் உழவரோடு தொடர்புடையது. அழகர் ஆற்றில் இறங்கும் விழா முன்பு தேனூரில் நடந்தது என்றும், 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் அதனை மதுரைக்கு மாற்றினார் என்றும் மரபாகச் சொல்வர். அறுவடை முடிந்து வேலை குறைந்த காலம் அது. சுற்று வட்டார உழவர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து தங்கினர். விழாவை ஒட்டி மாட்டுச் சந்தையும் கூடியது.

நகரம் கோட்டையைத் தாண்டிப் பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாவட்ட ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் கோட்டைச் சுவர்களை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும் அப்படி உருவானவை. கீழமாரட் வீதி பின்னாளில் வெங்காய மண்டிகளால் பெயர் பெற்றது. சுவர் இருந்த இடத்திலேயே சந்தை வந்து அமர்ந்துகொண்டது.

கண்மாய்த் தண்ணீரும் பெரியாற்றுத் தண்ணீரும்

மதுரைச் சமவெளியில் ஆண்டு முழுவதும் மழை இல்லை. வடகிழக்குப் பருவமழையைத் தேக்கி வைத்தால்தான் பயிர். அதற்காகவே கண்மாய்கள் வெட்டப்பட்டன. ஒரு கண்மாய் நிரம்பியதும் கலுங்கு வழியே வழியும் நீர் அடுத்த கண்மாய்க்குப் போகும்; அதுவும் நிரம்பினால் அதற்கும் அடுத்ததற்கு. மடையைத் திறந்து எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை பிரித்து விடுபவர் நீர்க்கட்டி அல்லது மடையர் எனப்பட்டார். அவருக்குக் கூலி பெரும்பாலும் நெல்லாகவே அளக்கப்பட்டது. மடையர் என்ற சொல்லை வசைச் சொல்லாக மாற்றிவிட்டவர்களுக்கு அந்த வேலையின் நுட்பம் தெரிந்திருக்காது. சாத்தையாற்றின் நீர் இவ்வாறு ஊர் ஊராக இறங்கி வண்டியூர்க் கண்மாய்க்கு வந்து சேர்வது இந்த ஏற்பாட்டிற்கு நல்ல சான்று.

கண்மாய் மட்டும் போதாது என்பதை 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் கடுமையாகக் காட்டியது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் பழைய யோசனைக்கு அதன் பிறகே வேகம் வந்தது. பென்னிகுயிக் பொறுப்பேற்றுக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. சுரங்கம் வழியாக வந்த நீர் சுருளியாற்றில் சேர்ந்து, வைகையில் கலந்து, பேரணையில் திருப்பப்பட்டு, பெரியாறு பிரதானக் கால்வாய் வழியே மதுரையின் வடக்கிலும் கிழக்கிலும் பரவியது. 1959இல் வைகை அணை திறக்கப்பட்ட பின் நீரைத் தேக்கி முறைவைத்து விட முடிந்தது. இன்றும் பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோக நிலமாகவும், அதற்கு அப்பால் மேலூர்ப் பக்கம் 85,563 ஏக்கர் ஒருபோக நிலமாகவும் கணக்கிடப்பட்டுத் தண்ணீர் திறக்கப்படுகிறது. திருமங்கலம் பிரதானக் கால்வாயில் மேலும் 19,439 ஏக்கர் உண்டு.

இந்த எண்களைப் பார்ப்பவர் மதுரை முழுவதும் நெல்லே என்று எண்ணக்கூடும். நெல்லுக்கு நடுவிலும் ஓரத்திலும் இருந்த கிணற்றுத் தோட்டங்களே நகரின் அடுப்பங்கரைக்கு அன்றாடம் வேண்டியதைத் தந்தன. சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்களும் தென்னையும் இருந்தன. அவ்வூர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களில் மல்லிகை. அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்பு. கீரை, கத்தரி, வெண்டை, அவரை போன்றவை நகருக்கு மிக அருகிலுள்ள துண்டு நிலங்களில் விளைந்தன. வாடும் பொருள் அருகில் விளைய வேண்டும் என்பது உழவர்கள் யாரும் சொல்லித் தராமலே அறிந்த கணக்கு.

மல்லிகையின் கணக்கு இன்னும் நெருக்கடியானது. ராமேசுவரத்தை அடுத்த தங்கச்சிமடத்தில் பதியம் போட்ட நாற்றுகளை வாங்கி வந்து மதுரை உழவர்கள் நடுகின்றனர். மொட்டு விரியும் முன்பே, இருள் பிரியாத நேரத்தில் பறிக்க வேண்டும். காலையில் பூச்சந்தைக்குப் போக வேண்டும். மாலையில் அது வாங்கியவர் தலையில் விரியும். ஒரே கிலோ பூ கோடையில் அடிமாட்டு விலைக்கும், பனியும் முகூர்த்தமும் சேரும் தை மாதத்தில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கும் போகும். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காப்பு கிடைத்தது. விலைக்கு அத்தகைய காப்பு இல்லை.

மண்டிக்குப் போன கூடை

உழவர் சந்தை வருவதற்கு முன் ஐந்து அல்லது பத்து செண்ட் நிலத்தில் கத்தரி போட்ட ஒருவர் என்ன செய்தார்? விடியுமுன் கூடையைப் பேருந்திலோ வண்டியிலோ ஏற்றி, கோயிலுக்கு அருகில் இருந்த மொத்தச் சந்தைக்குக் கொண்டு வந்தார். பின்னாளில் அச்சந்தை மாட்டுத்தாவணிக்கு இடம் பெயர்ந்தது. மண்டியில் ஏலம் கூறி விலை முடிப்பவர் வேறொருவர். கமிஷன், இறக்குக்கூலி, எடைக் கழிவு என்று பிடித்தம் போக மிஞ்சியதே உழவருக்கு. விதைக்கும் உரத்திற்கும் அதே மண்டியில் முன்பணம் வாங்கியிருந்தால் வேறு மண்டிக்குப் போகவும் வழியில்லை. மாலைக்குள் வாடிவிடும் கீரையை வைத்துக்கொண்டு யாரும் பேரம் பேச முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். வாங்குபவர் கையில் அந்தக் கத்தரிக்காய் வந்து சேரும்போது அதன் விலை பெரிதும் ஏறியிருக்கும்.

மண்டிக்காரரைக் கொடியவராகக் காட்டுவது சரியாகாது. வங்கி கடன் தராத காலத்தில் சிறு உழவருக்குக் கடன் தந்தவர் அவரே. தூரத்து ஊர்களிலிருந்து வந்த உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் நகருக்குப் பிரித்துக் கொடுத்ததும் அவரே. ஆனால் பத்து கிலோமீட்டர் தொலைவில் விளைந்த முளைக்கீரைக்கும் அதே சுற்று வழி எதற்கு என்ற கேள்விக்கு விடை இல்லாமல் இருந்தது.

அடையாள அட்டையும் வயல் ஆய்வும்

பஞ்சாப், அரியானா மாநிலங்களில் 1980களின் பிற்பகுதியில் அப்னி மண்டி என்ற பெயரில் இத்தகைய நேரடிச் சந்தை நடந்தது. 1999 சனவரியில் ஆந்திரத்தில் ரைத்து பஜார் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு இறுதியில் மதுரையில் உழவர் சந்தை வந்தது. அடுத்த ஓராண்டிற்குள் மாநிலத்தில் 100 சந்தைகள் திறக்கப்பட்டன. மதுரையிலும் சொக்கிகுளம், பழங்காநத்தம் போன்ற இடங்களுக்கு அது பரவியது.

சந்தையில் கடை வைக்க வாடகை இல்லை. தராசை அரசே தரும். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். காய்கறிச் சுமைக்கு அரசுப் பேருந்தில் கட்டணம் இல்லை. அதிகாலையில் மொத்தச் சந்தை விலையைக் கேட்டறிந்து, அதைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூட்டியும், வெளிச் சில்லறை விலையைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைத்தும் அன்றைய விலை முடிவு செய்யப்பட்டுப் பலகையில் எழுதப்படும். இடையில் இருந்தவரின் பங்கை விற்பவரும் வாங்குபவரும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இது.

இவை அனைத்தும் நிற்பது ஒளிப்படம் ஒட்டிய ஓர் அடையாள அட்டையின் மேல். அட்டை வேண்டுபவர் தமது நிலத்தின் விவரத்தையும் பயிரையும் கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று பெற்றுத் தர வேண்டும். அடங்கல் கணக்கில் எந்தப் புல எண்ணில் என்ன பயிர் என்று இருக்கும். பிறகு வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலர் வயலுக்கு வருவார். காகிதத்தில் எழுத முடியாத பல செய்திகள் வயலில் தெரியும். கீரை 25 முதல் 30 நாளில் பறிப்புக்கு வந்துவிடும். வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கி மூன்று மாதம் அளவில் ஓய்ந்துவிடும். கத்தரி பல மாதம் காய்க்கும். ஆகவே ஆடியில் வெண்டை வயலைக் காட்டி அட்டை வாங்கியவர் மார்கழியில் அதே வயலின் வெண்டை என்று கொண்டு வந்தால் கணக்கு இடிக்கும். பத்து செண்ட் நிலத்தில் எத்தனை கூடை வரும் என்பதும் வயலைப் பார்த்தவருக்கே விளங்கும். அதற்கு மேல் வந்தால், மொத்தச் சந்தையில் வாங்கிய சரக்கு உள்ளே நுழைந்திருக்கிறது என்று பொருள்.

இந்த ஆய்வு தளர்ந்த இடங்களில் சந்தையும் தளர்ந்தது. உழவர் பெயரில் வியாபாரிகள் உட்காருகின்றனர் என்ற புகார் பல ஊர்களில் எழுந்தது. 2001இல் ஆட்சி மாறியபின் சந்தைகள் கவனிப்பு குறைந்து கிடந்தன. 2006க்குப் பின் மீண்டும் உயிர் பெற்று எண்ணிக்கை 179 ஆனது. நூற்றுக்கணக்கான அட்டைகளுக்கு ஒரு சில அலுவலர்களே இருக்கும்போது ஒவ்வொரு வயலையும் பருவந்தோறும் பார்ப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். திட்டங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கட்டடத்தையும் திறப்பு விழாவையும் எழுதுகின்றனர். வெயிலில் வரப்பில் நடந்து கத்தரிச் செடியை எண்ணிய அலுவலரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

வயல் எங்கே போனது

ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் அண்ணா நகரிலிருந்து இன்று முன்னைவிடத் தொலைவாகப் போக வேண்டியிருக்கிறது. தல்லாகுளம், பீபிகுளம், சொக்கிகுளம், கோசாகுளம், தத்தனேரி, உலகனேரி என்று குளமும் ஏரியுமாக முடியும் பெயர்கள் வைகையின் வடகரையில் வரிசையாக இருக்கின்றன. பெயர்கள் இருக்கின்றன, பல இடங்களில் தண்ணீர் இல்லை. உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில் எழுந்த வளாகத்தில் 2004 சூலை முதல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இயங்குகிறது. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்றக் கோரும் வழக்குகளும் அந்த வளாகத்திலேயே விசாரிக்கப்படுகின்றன என்பதை மதுரைக்காரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

1971இல் மாநகராட்சியான மதுரை, 2011இல் சுற்றியிருந்த நகராட்சிகளையும் ஊராட்சிகளையும் சேர்த்து 100 வார்டுகளும் 147.99 சதுர கிலோமீட்டர் பரப்பும் கொண்டதாக விரிந்தது. ஊராட்சி வார்டு ஆனவுடன் நிலத்தின் விலை ஏறுகிறது. கண்மாய்க்கு வரும் வரத்துக்கால்வாய் ஒரு மனைப்பிரிவில் அடைபட்டால், அதற்குக் கீழேயுள்ள ஆயக்கட்டு முழுவதும் தரிசாகிறது. தரிசாகக் கிடக்கும் நிலத்தை விற்பதற்கு உழவரை யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை. நகருக்குள் ஓடும் கிருதுமால் நதி சாக்கடை சுமக்கும் வாய்க்காலாகிவிட்டது. ஒரு காலத்தில் அது பாசனத்திற்குப் பயன்பட்ட ஆறு.

கழிவுநீரையே பயன்படுத்திய ஒரு முன்மாதிரியும் மதுரையில் இருந்தது. அவனியாபுரத்தை அடுத்த வெள்ளைக்கல் பகுதியில் நகரின் கழிவுநீரைப் பாய்ச்சி மாட்டுத் தீவனப் புல் வளர்த்தனர். நகரின் பசுக்கள் அப்புல்லைத் தின்றன. நகரம் அவற்றின் பாலைக் குடித்தது. நகர வேளாண்மை என்று இன்று புதிதாகப் பேசப்படுவதற்கு இதைவிடப் பழைய மதுரைச் சான்று தேட வேண்டியதில்லை.

வயலை இழக்க மறுத்த நிகழ்ச்சியும் அண்மையில் நடந்தது. மேலூர் வட்டாரத்தில் அரிட்டாபட்டி உள்ளிட்ட ஊர்கள் அடங்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்திற்கான ஏல முடிவு 2024 நவம்பரில் வெளியானது. அரிட்டாபட்டி, 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். ஒருபோக நிலத்தை நம்பி வாழும் அவ்வட்டார மக்கள் 2025 சனவரி 7ஆம் நாள் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் நோக்கி நடைப்பயணம் வந்தனர். அதே மாதம் 23ஆம் நாள் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

மாடிக்கு ஏறிய தோட்டம்

தரையில் இடம் குறைந்தபோது அரசு மாடியைக் காட்டியது. 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய மாடித்தோட்டத் திட்டம் பின்னர் மதுரைக்கும் வந்தது. வளர்ப்புப் பைகள், தேங்காய் நார்க்கழிவுக் கட்டிகள், விதைகள், உயிர் உரம் ஆகியவை மானிய விலையில் வழங்கப்பட்டன. செம்மண்ணை மட்டும் நிரப்பினால் மாடிக்குச் சுமை. எனவே நார்க்கழிவும் தொழு உரமும் கலக்கின்றனர். நார்க்கழிவை நன்றாக ஊற வைத்து, உப்பு நீங்கும்படி கழுவிய பிறகே பயன்படுத்த வேண்டும். மதுரைக் கோடையில் நிழல்வலை இல்லாத மாடியில் கீரை நிற்காது. தளத்தில் நீர் கசியாமல் காப்பும் செய்ய வேண்டும். இவற்றைக் கவனிக்காமல் தொடங்கிய பல தோட்டங்கள் முதல் சித்திரையோடு காலிப் பைகளாயின.

அளவையும் பார்க்க வேண்டும். ஒரு செண்ட் என்பது 435.6 சதுர அடி. 200 சதுர அடி மாடித்தோட்டம் அரை செண்டிற்கும் குறைவு. பத்து செண்ட் கீரைத் தோட்டம் ஒன்று வீட்டுமனையாகும்போது போகும் பரப்பை ஈடு செய்ய இத்தகைய மாடிகள் இருபதுக்கு மேல் வேண்டும். வீட்டுக்குத் தேவையான கீரை, மிளகாய், தக்காளி, கறிவேப்பிலைக்கு மாடி உதவும். நகரத்தின் சோற்றுக்கு உதவாது.

நெருக்கடி வந்த நாடுகளில் இது நடைமுறையில் சோதிக்கப்பட்டது. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தபின் எரிபொருளும் உரமும் வராத கியூபாவில், ஹவானா நகரின் வெற்று மனைகள் காய்கறித் தோட்டங்களாயின. இலங்கையில் 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டதும், அடுத்த ஆண்டு அந்நியச் செலாவணி வற்றியதும் சேர்ந்து உணவுத் தட்டுப்பாட்டைக் கொண்டு வந்தன. 2022 சூனில் அரசு ஊழியர்கள் வீட்டுத் தோட்டம் செய்வதற்காக வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளிக்க அந்நாட்டு அரசு முடிவு செய்தது. அலுவலகக் கோப்பை மூடி வைத்துவிட்டு மண்வெட்டி எடுத்தவர்களில் எத்தனை பேருக்கு மண்ணைப் பதம் பார்க்கத் தெரிந்திருக்கும்? வேளாண்மையை ஒரு வெள்ளிக்கிழமையில் கற்றுக்கொள்ள இயலாது.

மதுரையில் கற்றுக்கொள்ள இடம் உண்டு. யானைமலை அடிவாரத்தில் ஒத்தக்கடைக்கு அருகே 1965இல் தொடங்கப்பட்ட வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. அவ்வளாகத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் இயங்குகிறது. மாணவர்கள் அதைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து கள்ளந்திரிப் பக்கம் சென்றால் பெரியாற்றுக் கால்வாயையும் அதில் பிரியும் மடைகளையும் காணலாம். மடைக்குக் கீழே ஒரு வயலையும் மடையில்லாத மேட்டில் ஒரு வயலையும் அடுத்தடுத்துப் பார்த்தால், கால்வாய் பாயும் நிலமும் கிணற்றை நம்பிய நிலமும் எப்படி வேறுபடுகின்றன என்பது கண்ணுக்கே தெரியும். உழவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கடைசியாகக் கண்மாய் நிறைந்தது எப்போது, காயை எங்கே கொடுக்கிறீர்கள், வாரிசுகள் உழவுக்கு வருகிறார்களா? கடைசிக் கேள்விக்குப் பலர் சிரிப்பையே பதிலாகத் தருவர்.

அண்ணா நகர்ச் சந்தையைப் பார்க்க விடிகாலையே ஏற்ற நேரம். பலகையில் சுண்ணக்கட்டியால் விலை எழுதும்போதே கீரைக்கட்டுகள் இறங்கத் தொடங்கும். தண்ணீர் தெளித்த சாக்கின் மேல் அரைக்கீரை, சிறுகீரை, பொன்னாங்கண்ணி என்று அடுக்கி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வெயில் ஏறுமுன் கீரை தீர்ந்துவிடும். நண்பகல் நெருங்கும்போது மிஞ்சிய கத்தரிக்காயைக் கூறு கட்டி விலை குறைத்துத் தள்ளுவர். பிறகு தராசை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, வெறுங்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மாலைத் தண்ணீர் பாய்ச்சப் பேருந்து ஏறுவர்.